லூஜா, ஐஸ் ஹாக்கியா?

பாம்பனில் பனிக்கட்டி என்றால் மீன்பெட்டிக்கு உடைத்துப் போடும் ஐஸ் பார்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தியாவின் பனிக்கட்டி விளையாட்டு ஒன்றின் வரலாற்றைச் சொல்ல எண்ணியபோது, லூஜ், ஐஸ் ஹாக்கி ஆகிய இவ்விரண்டில் எதை எடுப்பது என்ற கேள்வி எனக்கு எழுந்தது.

சறுக்குவண்டியில் படுத்துப் பனித்தடத்தில் விரைந்திறங்கும் விளையாட்டான லூஜின் இந்திய வரலாறு ஏறக்குறைய ஒரே மனிதரின் வரலாறு. மணாலி அருகே வளர்ந்த சிவ கேசவன், 16 வயதில் 1998 நகானோ ஒலிம்பிக்கில் இறங்கி, 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார். நாட்டில் அதற்குரிய பனித்தடம் இல்லாததால், சறுக்குவண்டியில் சக்கரம் பூட்டி, லாரிகளும் ஆட்டுமந்தைகளும் குறுக்கிடும் மலைச்சாலைகளில், கால்களை முன்னே நீட்டி மல்லாந்து படுத்தபடியே இறங்கிப் பயிற்சி செய்தார். 2014 சோச்சியில், இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால், மூவர்ணக் கொடியின்றிப் போட்டியிட நேர்ந்தது. அத்தனை ஆண்டு உழைத்தவருக்கு அது பெருங்கசப்புதான்.

ஐஸ் ஹாக்கியோ லடாக்கின் உறைந்த குளங்களில் கூட்டாக வளர்ந்தது. 1989இல் சர்வதேசக் கூட்டமைப்பில் சேர்ந்தும், ஆண்கள் அணி 2009இல்தான் ஆசிய சவால் கோப்பையில் முதன்முதலாக ஆடியது. 2016இல் களமிறங்கிய பெண்கள் அணி, மறு ஆண்டே பிலிப்பைன்ஸை 4-3 என வென்றது. 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலமும் பெற்றது.

கதைச்சுவை லூஜில்தான் மிகுதி. ஆயினும் ஊரே சேர்ந்து கரைவலை இழுப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ஹாக்கியே எளிதில் பிடிபடும் என்பதால், அந்த 4-3 ஆட்டத்திலிருந்தே தொடங்கவிருக்கிறேன்.