தண்ணீர் டிரம் வலை மூடி: ஒரு மழைக்காலம் பயன்படுத்தியதில்

போன ஐப்பசியில் என் மகளுக்கு டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் பிழைத்தோம் என்று நினைத்தேன். டாக்டரோ, "இனிமேல்தாம்மா நல்லா கவனிக்கணும்" என்றார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும் தட்டணு (பிளேட்லெட்) இறங்குவதும் காய்ச்சல் தணிகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தானாம். வயிறு வலிக்கிறது என்று அவள் சுருண்டு கிடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வீடு திரும்பிய பிறகு மாநகராட்சியிலிருந்து வந்த அக்கா எங்கள் நீல டிரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். கொசுப் புழுக்கள் நெளிந்தன. எங்கள் தெருவில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும், பிடித்து வைக்காமல் முடியாது. அன்றைக்கே இந்த மூடியை வாங்கினேன். 200 லிட்டர் டிரம்முக்கானது, இரண்டு சேர்த்து 240 ரூபாய்.

ரவை சலிக்கும் சல்லடை போல நெருக்கமான கண். ஓரத்தில் எலாஸ்டிக், நடுவில் ஜிப். எனக்கு மிகவும் பிடித்தது, வலையைக் கழற்றாமலே ட்யூபை மேலே வைத்துத் தண்ணீர் பிடிக்கலாம் என்பதுதான்.

மூடிய ஆறாம் நாள் வலையின் உள்பக்கம் ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்புக் கால்களில் வெள்ளை வெள்ளையாக வளையம், டெங்குவைப் பரப்பும் கொசுதான். முதலில் மூடி ஏமாற்றிவிட்டது என்று கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது: அது வெளியிலிருந்து வந்ததில்லை, உள்ளேயே பிறந்தது. இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் சுவரில் முட்டையிடும். காய்ந்தாலும் பல மாதம் அப்படியே இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நான் பழைய தண்ணீரைக் கொட்டினேனே தவிர, சுவரைத் தேய்க்கவில்லை. இப்போது வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்த பிறகே மூடுகிறேன். அதிலிருந்து ஒரு புழுகூட இல்லை.

குறை எலாஸ்டிக்தான். மூன்று மாத வெயிலில் தளர்ந்து, ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. கொசுவுக்கு அது போதும். நாடா வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். இதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து, 5க்கு 4.

டெங்குவில் நான்கு வகை இருக்கிறது. ஒன்று வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் இன்னும் கடுமையாகலாம் என்கிறார்கள். அதனால் இரண்டாவது மூடியைப் பக்கத்து வீட்டு அக்காவின் டிரம்முக்கு நானே மாட்டிவிட்டேன். இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. அவர்கள் டிரம்மில் பிறப்பது பகலில் என் மகளைத்தான் கடிக்கும்.