ஆத்தங்குடி கல்: நாள் முழுக்க வீட்டில் இருப்பவரின் கணக்கு

மதுரையில் எங்கள் வீட்டுத் தரை முன்பு வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ். இரண்டுக்கு இரண்டு அடி, முகம் பார்க்கலாம், அப்படி மினுங்கும். வீடு கட்டியபோது அப்பா ஆசைப்பட்டுப் போட்டது. காலையில் பூட்டிவிட்டுக் கிளம்பி இருட்டின பிறகு திரும்பும் குடும்பத்துக்கு அது போதும். வருகிற விருந்தாளி 'வீடு பளிச்சுன்னு இருக்கே' என்று சொல்லிவிட்டால் தரையின் வேலை முடிந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. அதோடு என் கம்பெனி இங்கிருந்த அலுவலகத்தையே காலி செய்துவிட்டு, இனி வீட்டிலிருந்தே வேலை என்றது. பகல் முழுக்க அந்தத் தரையோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தேன். எங்கள் ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது. மூன்று மணி வெயில் தரையில் பட்டு நேரே கண்ணில் அடிக்கும், லேப்டாப் திரையில் ஒன்றும் தெரியாது. ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினால் பட்டப்பகலில் ட்யூப்லைட். துடைத்த ஈரம் காய்வதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

ஷோகேஸையும் பெரிய சோபாவையும் முதலில் தள்ளிவிட்டேன். மாதம் ஒருமுறை வருகிறவர்களுக்காக ஹாலில் பாதியை ஒதுக்கி வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்துக்கு என் மேசை வந்தது. தரை விஷயத்தில்தான் ரொம்ப நாள் யோசனை. கடைசியில் ஹாலுக்கும் வேலை அறைக்கும் ஆத்தங்குடி கல் போட்டோம். கல் என்பது பேச்சுக்குத்தான், செட்டிநாட்டில் கையால் வார்க்கும் பூப்போட்ட சிமெண்டு டைல்ஸ் அது. போட்ட பிறகு சில கோடைகளைப் பார்த்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு நடை ஆத்தங்குடிக்கே போய்வாருங்கள், காரைக்குடியிலிருந்து பக்கம்தான். பட்டறையில் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து, அதன்மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைக்கிறார்கள். அச்சின் கட்டங்களுக்குள் வண்ணம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அந்தந்தக் கட்டத்துக்கு அந்தந்த நிறம். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டி நிற்கும், ஆனால் கலக்காது. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்க விட்டு, பிறகு கலவை போட்டுக் கரணையால் மட்டம் செய்கிறார்கள். காய்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல். கண்ணாடி பிரிந்து வரும்போது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் நமக்குத் தரை. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது, பாலிஷ் மெஷின் கிடையாது. குஜராத் மோர்பியிலிருந்து வரும் டைல்ஸ் போலச் சூளையில் வேகவும் இல்லை. எல்லாம் கைவேலை, அதனால்தான் ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது.

இப்போது அதே மூன்று மணி வெயில் விழுகிறது, ஆனால் கண் கூசவில்லை. ஒளியைக் கொஞ்சம் குடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை பார்க்கிறேன். அம்மா மத்தியானம் பாய்கூட விரிக்காமல் வெறும் தரையில் படுக்கிறார். குளிர்ச்சிக்காகவே வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: எங்களுடையது கீழ்த்தளம், அதில் பாதிப் பெருமை மண்ணுக்குச் சேரும். மொட்டை மாடிக்கு நேர் கீழே என் தங்கை இதே கல்லைப் போட்டிருக்கிறாள். மே மாதத்தில் அவளுக்கு அப்படியொன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

கல் பதித்த கொத்தனார் கானாடுகாத்தான் பக்கத்துக்காரர். "அக்கா, பினாயில், ஆசிட் பக்கமே போகாதீங்க. வெறும் தண்ணி போதும், எப்பவாவது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைங்க. மிதிக்க மிதிக்கத்தான் மினுக்கு ஏறும்" என்றார். விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றில் தரை மங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்து மேசைக்கு நான் நடக்கும் தடம்தான் இப்போது ரொம்ப மினுங்குகிறது. ஆள் புழங்கும் வீட்டுக்கான சாமான் இது.

குறைகளும் உண்டு. புளி, எலுமிச்சை, தயிர் எது சிந்தினாலும் சிமெண்டை அரித்துவிடும். வத்தக்குழம்பு சிந்தி, கவனிக்காமல் விட்ட இடத்தில் மினுக்குப் போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் நிரந்தரமாக நிற்கிறது. சமையலறைக்கு வேண்டவே வேண்டாம். அடுத்தது, சக்கர நாற்காலி. அலுவலகத்தில் உருட்டுவது போல உருட்டினால் பிளாஸ்டிக் சக்கரம் கோடு போடுகிறது. கோரைப்பாய் விரித்துப் பார்த்தேன், கிழிந்துபோனது. ரப்பர் சக்கரம் மாற்றிய பிறகுதான் நிம்மதி. மழைக்காலத்தில் ஓரமாக வெள்ளையாக உப்புப் பூத்தது, துடைக்கத் துடைக்கக் குறைந்தது. எதிரொலிக்கு இந்தக் கல்லால் ஒன்றும் ஆகாது. வீடியோ மீட்டிங்கில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றார்கள், கனமான திரைச்சீலை போட்டுத்தான் சமாளித்தேன்.

செலவு? கல் விலை பயமுறுத்தாது, பதிக்கும் கூலியும் கலவையும்தான் இழுத்துவிடும். கல்லே முக்கால் அங்குல கனம், அடியில் கலவை வேறு. தரை உயரும், ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவுகளின் அடியைச் சீவ வேண்டும். நாங்கள் ஆர்டர் கொடுத்த பட்டறை சொன்ன தேதியைத் தாண்டித்தான் அனுப்பியது. மழை, வெயில் இல்லை, காயவில்லை என்றார்கள். காரணம் நியாயம்தான், ஆனால் ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். வண்டியிலிருந்து இறக்கும்போதே சில கல்லில் முனை உடைந்திருந்தது, மாற்றித் தரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

ஹால், வேலை அறை, பூஜை அறைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மாடிக்கு எஞ்சினியரிடம் எடை கேட்டுவிட்டுப் போடுங்கள். எவ்வளவு தேவையோ அதற்கு மேல் பத்துப் பதினைந்து கல் சேர்த்து ஒரே தடவையில் வாங்கி, படிக்கட்டுக்கு அடியில் அடுக்கி வையுங்கள். அடுத்த தடவை கலக்கும் பச்சை இந்தப் பச்சையாக இருக்காது.