அடையாள அட்டையா, ஊரறிந்த முகமா?

எங்கள் ஊர்க் கோயிலின் பரிபாலன சபையைக் கைகளை உயர்த்தித் தெரிவுசெய்யும் வழக்கத்தைக் கைவிட்டு, வாக்குச்சீட்டு மூலம் தெரிவுசெய்வதெனக் கடந்த ஆண்டு பொதுக்கூட்டம் தீர்மானித்தது. விதிகளை எழுதும் பொறுப்பு மூவரிடம் விடப்பட்டது. பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையக் கடமை பார்த்தவன் என்பதால் நானும் அதில் சேர்க்கப்பட்டேன். வேட்புமனு, வாக்குப்பெட்டி, எண்ணும் முறை எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. வாக்களிக்க வருபவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. சின்ன ஊர் ஒன்றின் இந்தத் தகராறு, பல நாடுகளின் நாடாளுமன்றங்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் வாதத்தின் குட்டிப் பிரதி என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. பெயரையும் முகவரியையும் சொன்னால் போதும் என்பது ஒன்று. அடையாள அட்டை இல்லாதவருக்கு வாக்குச்சீட்டு இல்லை என்பது இரண்டாவது. அட்டை இல்லாவிட்டால் ஊரறிந்த இன்னொரு உறுப்பினர் அவருக்காகச் சான்று பகரலாம் என்பது மூன்றாவது. இரண்டாவது வழியின் பக்கமே நான் நின்றேன், இப்போதும் நிற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது வழியை விரைவாகக் கடந்துவிடலாம். பிரித்தானியாவின் பெரும்பகுதியில் அண்மைக்காலம் வரை அதுவே நடைமுறையாக இருந்தது. 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் வந்த பின்னர், 2023 மே மாதம் இங்கிலாந்தில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில்தான் அங்கு புகைப்பட அடையாளம் முதன்முறையாகப் பரவலாகக் கேட்கப்பட்டது. ஸ்கொட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலுக்கும் வேல்ஸ் சட்டமன்றத் தேர்தலுக்கும் இன்றும் அது தேவையில்லை. ஆள்மாறாட்டம் மிக அரிதாக இருந்த இடத்தில் அந்த நம்பிக்கை நன்றாகவே வேலை செய்தது. இலங்கையின் கிழக்கில், எங்களைப் போல வளர்ந்தவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. காலையில் பத்து மணிக்குப் போனவரிடம், "உங்கட வோட்டு விழுந்திட்டுது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கதை எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் ஒன்றாவது உண்டு. 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலில் வடக்கிலும் கிழக்கிலும் ஆள்மாறாட்டம் நடந்தது என்பது கண்காணிப்பாளர்களும் பதிவுசெய்த முறைப்பாடு. வாக்களிப்பு நிலையத்தில் அடையாளத்தை உறுதிப்படுத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் அதே 2004இல் இயற்றப்பட்டது. வட அயர்லாந்தின் அனுபவமும் இதுதான்: கள்ள வாக்கு ஒழுங்கமைக்கப்பட்ட தொழிலாகவே நடந்த அங்கு 1985இலேயே அடையாள ஆவணம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள், 2003 முதல் அது புகைப்படத்துடன் இருக்க வேண்டும் என்றார்கள். நோய் இருந்த இடத்தில் மருந்து வந்தது. நோய் இருந்ததற்கான சான்றே இல்லாத இடத்தில் மருந்து ஏன் என்பதுதான் புகைப்பட அடையாளத்தைக் கட்டாயமாக்கிய அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் சட்டத்தை எதிர்த்தவர்களின் வாதம். அம்மாநிலத்தில் அப்படி ஒரு நேரடி ஆள்மாறாட்டம் நடந்ததற்கான பதிவு வழக்கில் காட்டப்படவில்லை, ஆனாலும் 2008இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. அந்த வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. அது எங்கள் ஊருக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, அதாவது சான்று பகர்தல், மனத்துக்கு மிக நெருக்கமானது. அதன் இழுப்பை நான் நேரில் உணர்ந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலையில் கடமையில் இருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்தார். இடுப்பிலிருந்த கொட்டப்பெட்டியைத் திறந்து, வெற்றிலைக்கும் பாக்குக்கும் அடியிலிருந்து சொப்பின் பையில் சுற்றிய அட்டையை எடுத்து நீட்டினார். மேலுறை உரிந்து உள்ளே ஈரம் புகுந்து, படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெண்மைதான் மிஞ்சியிருந்தது. இலக்கத்தின் பின்பாதி மட்டும் வாசிக்க முடிந்தது. அதன் இறுதியில், வாக்குரிமை உள்ளவர் என்பதைக் குறிக்கப் பழைய அட்டைகளில் இட்ட 'வீ' (V) என்ற ஆங்கில எழுத்து தெளிவாகவே இருந்தது. உத்தியோகபூர்வ வாக்காளர் அட்டையையும் கொண்டுவந்திருந்தார். ஆனால் அது அடையாள ஆவணம் அல்ல. ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு அமர்ந்திருந்த கட்சி முகவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "இவ எங்கட ஊர் ஆள்தான் சேர்" என்றார்கள். "என்ட முகத்த இவனுகளுக்குத் தெரியும் மனே, உனக்குத்தான் தெரியா" என்று அவரும் சொன்னார். "தெரியும் பெத்தா, ஆனா சட்டம் விடாது" என்றுதான் எங்களால் சொல்ல முடிந்தது. அவர் போய்விட்டார்.

கனடாவில் பிறந்திருந்தால் அவர் அன்று வாக்களித்திருப்பார். அங்கு அடையாளம் காட்டுவது 2007 முதல் சட்டம். ஆனால் ஆவணம் இல்லாதவருக்காக அதே வாக்களிப்பு நிலையத்தைச் சேர்ந்த இன்னொரு வாக்காளர் எழுத்தில் உறுதி கூறலாம், ஒருவர் ஒருவருக்கு மட்டும். 2014இல் அந்த வசதியை இறுக்கி, 2018இல் மீண்டும் தளர்த்தினார்கள் என்பதிலிருந்தே அங்கும் இது தீராத சர்ச்சை என்பது தெரியும். அப்படியிருந்தும் ஒரு நாட்டின் தேர்தலுக்கு இதை நான் இங்கே கேட்க மாட்டேன். அன்று அந்த முகவர்கள் உண்மையைச் சொன்னார்கள். காரணம், அன்று அவர்கள் யாருக்கும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. துப்பாக்கியோடு ஒருவர் பாடசாலை வாசலில் நின்ற காலங்களில், "இவரை எனக்குத் தெரியும் என்று சொல்" என்றால் மறுத்திருக்கக்கூடியவர் யார்? சான்று பகர்பவரின் முதுகெலும்பில் தங்கியிருக்கும் முறை, அவருக்குப் பின்னால் சட்டம் நிற்கும் இடத்தில் மட்டுமே தாங்கும். அட்டைக்கு அச்சம் தெரியாது. அதை மிரட்டவும் முடியாது. பறித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் பறித்த அட்டையில் உள்ள முகம், பறித்தவரின் முகமாக மாறிவிடாது.

ஆகவே அட்டைதான். இனி நிபந்தனை.

அட்டை கேட்பதா வேண்டாமா என்று வாதிடுவோர் இருதரப்பிலும், அட்டையை ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாகவே எண்ணுகிறார்கள். உண்மையில் அது பராமரிக்க வேண்டிய பொருள்; நீர்ப்பம்பியைப் போல, கூரையைப் போல. பதினைந்து வயதில் பெற்ற படத்தோடு ஐம்பது வயதில் நிற்க முடியாது. வெள்ளம் வரும், வியர்வை படும், வாடிக் குடிசை எரியும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் எத்தனை குடும்பங்களின் பெட்டகங்கள் கடலோடு போயின என்பதை இங்குள்ள யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஓர் அட்டை தொலைந்தால் அதை மீட்கும் ஏணியின் படிகளைப் பாருங்கள்: பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பதிவுசெய்யப்பட்ட புகைப்பட நிலையம் ஒன்றில் எடுத்த படத்துக்கான பற்றுச்சீட்டு, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகம், அதன் பிறகு ஆட்பதிவுத் திணைக்களம். மட்டக்களப்பு நகரில் இருப்பவருக்கு இது சில அலைச்சல்கள். குருமண்வெளித் துறையில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்திருந்து வாவியைக் கடக்க வேண்டியவருக்கோ, மேய்ச்சல் தரையில் மாடுகளோடு மாதக்கணக்கில் தங்கியிருப்பவருக்கோ, ஒவ்வொரு படியும் ஒரு நாள் கூலி. பிறப்பே பதிவாகாதவர் என்றால் ஏணியின் அடியில் இன்னும் ஓர் ஏணி இருக்கிறது: காலங்கடந்த பிறப்புப் பதிவு. இந்தப் பராமரிப்புச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதே என் தராசில் தீர்மானிக்கும் படிக்கல். கேட்பது அரசு என்றால் கொடுப்பதற்கான வழியையும் அரசே வாசலுக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் நாட்டு ஏற்பாடு, குறைகளோடும்கூட, பலர் நினைப்பதைவிட நல்லது. தேசிய அடையாள அட்டை மட்டுமல்ல, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்கான அட்டை ஆகியவையும் ஏற்கப்படுகின்றன. இவை எதுவும் இல்லாதவர் கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பித்தால் தேர்தல்கள் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை ஒன்றைத் தருகிறது. அந்தப் பெத்தாவுக்கு இதை யாராவது இரண்டு கிழமை முன்னர் சொல்லியிருந்தால் அவர் வாக்களித்திருப்பார். யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்ன அறிவித்தல் அவர் வாசிக்கும் இடத்தில் ஒட்டப்படவில்லை. அந்தத் தற்காலிக அட்டை அந்த ஒரு தேர்தலோடு காலாவதியாகிவிடுகிறது என்பதும், அதற்கான விண்ணப்பம் வாக்களிப்பு நாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதும் என் இரண்டு குறைகள். தற்காலிக அட்டைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரின் படத்தையும் விபரத்தையும் கையில் எடுத்த அதே நாளில், நிரந்தர அட்டைக்கான விண்ணப்பத்தையும் ஏன் தொடங்கக்கூடாது?

பிரித்தானியாவில் 2023 மே தேர்தலில் வாக்களிப்பு நிலையம் வரை வந்து அடையாளம் இல்லாமல் வாக்களிக்காமலே போனவர்கள் குறைந்தது 14,000 பேர், வந்தவர்களில் ஏறத்தாழ 0.25 சதவீதம், 2024 ஜூலை பொதுத் தேர்தலில் அது 0.08 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் வாக்களிக்காதவர்களிடம் காரணம் கேட்டபோது, ஏறத்தாழ 4 சதவீதமானோர் அடையாள விதியைச் சுட்டினார்கள். வாசல் வரை வந்து திரும்பியவரை எண்ணலாம். வீட்டிலிருந்தே வராமல் விட்டவரை வாசலில் நின்று எண்ண முடியாது. நான் கடமை பார்த்த நாட்களில் திருப்பி அனுப்பியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. அதை வைத்துச் சிக்கல் சின்னது என்று முன்பு பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேசமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டையும் உதவாது. என் அனுபவம் வாசலோடு நிற்பது. இடாப்புத் தயாரிப்பின் உள்வேலையில் நான் இருந்ததில்லை என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

கோயில் சபைக்கு இறுதியில் நாங்கள் எழுதிய விதி ஒரு கலப்பு: அட்டை கட்டாயம், இல்லாதவருக்கு ஓர் உறுப்பினர் சான்று பகரலாம், ஒருவர் ஒருவருக்கு மட்டும், இந்த ஒரு முறைக்கு மட்டும். என் கொள்கைக்கு இது முரண்தான். ஆனால் எங்கள் சபையால் தற்காலிக அட்டை அச்சடிக்க முடியாது. தெரிவன்று ஏழு பேர் அந்த வழியால் வாக்களித்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் குறித்துக்கொண்டு, மறு கிழமையே ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றோம். ஐவர் விண்ணப்பித்துவிட்டார்கள், மூவருக்கு அட்டை வந்தும்விட்டது. இன்னும் விண்ணப்பிக்காத இருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஒருவர் பிறந்த ஊரே 1990இல் இடம்பெயர்ந்து போனது, அவருடைய பிறப்பை அறிந்த மூத்தவர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.