கேற்றடிக் கமராவில் தொலைந்த மூன்று செக்கன்

தெஹிவளையில் வீடு கட்டி முடித்திருக்கும் நண்பர் நேற்றுக் கேட்டார்: "உங்கட வீட்டுக் கமரா செற் எப்பிடி? நானும் அதையே போடட்டா?" பதில் சொல்லத் தொடங்கி அரை மணித்தியாலம் கேற்றடிக் கமராவைப் பற்றி மட்டுமே கதைத்துவிட்டேன். அவருக்குச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கை. நாலு கமரா, மின்சாரமும் படமும் ஒரே வயரில் போகும் வகை. பூட்டி மூன்று வருடம். படத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒழுங்கையில் நிற்கும் ஓட்டோவின் இலக்கத்தை இரவிலும் வாசிக்கலாம்.

போன வருடம் ஐப்பசி மழைக்குள், ஒரு விடியப்புறம், வளவுக்குள் இருந்த காஸ் சிலிண்டர் களவு போனது. பதிவைப் போட்டுப் பார்த்தோம். கேற் பூட்டியிருக்கிறது. படம் உறைகிறது. அடுத்து கேற் திறந்திருக்கிறது, ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போகிறான். வெளியே வரும்போதும் அப்படித்தான்: சிலிண்டரோடு சுவரோரம் நிற்கிறான், உறைகிறது, பிறகு ஒழுங்கை வெறுமையாகக் கிடக்கிறது. அவன் முகம் கமராவுக்கு நேரே வந்த அந்த மூன்று செக்கன் எங்களிடம் இல்லை. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தா. அன்றிலிருந்து தனியாக இருக்கும்போது ஆர் மணி அடித்தாலும் கதவு திறக்கிறதில்லை.

பூட்டித் தந்த கடையிலிருந்து வந்தவர், "இன்டர்நெட் காணாது, பக்கேஜைக் கூட்டுங்கோ" என்றார். கூட்டினேன். மாறவில்லை. பிறகு ஹார்ட் டிஸ்க் பழுது என்றார். புது டிஸ்கும் போட்டேன். அதே உறைவு. இரண்டு தரமும் அவர் ஏணியில் ஏறவேயில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டரை நிறுத்திவிட்டு, பதிவுப் பெட்டியை நேரே டிவியில் செருகிப் பார்த்தேன். வீட்டுக்குள் இருக்கும் பதிவைப் பார்க்க இன்டர்நெட் தேவையே இல்லை. கேற்றடிப் பதிவு அதே இடங்களில் உறைந்தது. அதே டிஸ்கில் இருக்கும் மற்ற மூன்று கமராவின் பதிவும் வெட்டில்லாமல் ஓடியது. அப்படியென்றால் இன்டர்நெட்டும் இல்லை, டிஸ்கும் இல்லை. கேற்றிலிருந்து பெட்டிக்கு வரும் வழியில்தான் பிழை. இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

ஏணி வைத்து ஏறிக் கமராவுக்குப் பின்னால் இருந்த மூடியைக் கழற்றினேன். கடற்காற்றின் உப்பில் வயர்த் தலைப்பின் பின்கள் பச்சை பிடித்திருந்தன. இழையைப் பிளேட்டால் சுரண்டினால் செம்புக்குக் கீழே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயர்! பில்லில் 'கேட் சிக்ஸ்' என்று எழுதியிருக்கிறது, அதாவது முழுச் செம்பில் இருக்க வேண்டிய நெட்வேர்க் வயர். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கமரா கூடுதலாக மின்சாரம் இழுக்கும். அரித்துப்போன தலைப்பு அதைத் தாங்காது. பகலில் நாலைந்து தரம் வெட்டியது இரவில் எண்ண முடியாமல் வெட்டியதற்குக் காரணம் அதுதான்.

வயர் அரைச் செக்கன் தடுமாறினால் படம் ஏன் மூன்று செக்கன் தொலைய வேண்டும்? செக்கனுக்கு 25 படம் வருகிறது, ஆனால் என் கமராவில் 50 படத்துக்கு ஒன்றுதான் முழுப் படம். மற்றவை முந்திய படத்திலிருந்து மாறியதை மட்டும் கொண்டுவரும். நடுவில் ஒரு துண்டு விட்டுப்போனால் அடுத்த முழுப் படம் வரும்வரை ஒழுங்கான காட்சி இல்லை. அதோடு டிஸ்கில் இடம் மிச்சம் பிடிக்கவென்று 'எச் 265 பிளஸ்' என்ற, படத்தைச் சுருக்கிப் பதியும் முறையைப் போட்டிருந்தார்கள். அசைவில்லாத இடத்தில் அது முழுப் படங்களின் இடைவெளியை இன்னும் நீட்டிவிடும். விடியப்புறத்தில் எங்கள் கேற்றடியில் என்ன அசையும்?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் முழுச் செம்பு வயர் 30 மீற்றர் வாங்கினேன். தலைப்பை நீர் புகாத உறைக்குள் வைத்து, மழைத்தண்ணி ஓடி உள்ளே இறங்காமல் வயரைக் கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றினோம். பிளஸை நிறுத்தி, முழுப் படத்தை 25க்கு ஒன்றாக்கினேன். ஒரு மாதம் நின்ற பதிவு இப்போது 18 நாள்தான் நிற்கிறது. ஆனால் இரண்டு மாதமாக ஒரு வெட்டும் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து தம்பி போனில் பார்க்கும்போது வெட்டுவது வேறு விஷயம். அது உண்மையிலேயே இன்டர்நெட், அதுவும் எங்கள் பக்கத்து ஏற்றும் வேகம். நாலு கமராவையும் முழுத் தரத்தில் ஒன்றாகத் திறந்தால் தாங்காது. கமரா கூடவே அனுப்பும் தரம் குறைந்த படமான துணை ஓட்டத்தில் பார்க்கச் சொன்னேன், சரியாகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் கமராவில் பிழை இல்லை, வயரிலும் பூட்டியவரிலும்தான். நண்பருக்கு வாங்கச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் சொல்லவில்லை. வயர் மாற்றிய அன்று பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். கேற்றடிக் கமராவின் படம் தொலைந்த ஒவ்வொரு தரமும், நேரத்தோடு, பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. களவு நடந்த விடியப்புறமும் இருந்தது. எச்சரிக்கை மணியை நிறுத்திய நிலையிலேயே பெட்டி வருகிறது. அதை இயக்க நாலு மெனு தாண்டிப் போக வேண்டும். காவலுக்கு வைத்த பெட்டி தனக்குக் கண் தெரியவில்லை என்பதை அறிந்தும் மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. அதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

வேறு எதைப் பூட்டினாலும் வயர் இழுக்கும் நாளை முதலே சொல்லுங்கோ என்றேன். வந்து சுரண்டிப் பார்த்துத் தருகிறேன்.