தோட்டத்துக்குக் காட்டு வாழை: வெலுட்டினாவா, லேட்டரிட்டாவா?

அழகுக்காக வளர்க்கும் காட்டு வாழைகள் என்றாலே பலரும் மூசா வெலுட்டினாவைத்தான் தேடுகிறார்கள். 1875-இல் விவரிக்கப்பட்ட அந்த இனத்தின் புகழுக்குக் காரணம் காய். பட்டுப்போன்ற மென்மயிர் போர்த்திய இளஞ்சிவப்புக் காய்கள், பழுத்ததும் தாமாகவே தோல் பிளந்து, கருவிதைகள் நிறைந்த வெண்சதையைக் காட்டும். அந்தக் காட்சிக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இடம் தாராளமாக இருந்தால் நான் பரிந்துரைப்பது, 1949-இல் தாவரவியலாளர் சீஸ்மன் விவரித்த மூசா லேட்டரிட்டாவைத்தான்.

இரண்டும் நெருங்கிய உறவினங்கள். இரண்டுக்கும் 22 குரோமோசோம்கள். உண்ணும் வாழையின் தார் தொங்கும். இவற்றின் பூந்தண்டோ நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு மடலுக்கு அடியிலும் ஒரே வரிசையில் சில பூக்கள் மட்டுமே இருக்கும். சீப்புகளும் சிறியவை. வெலுட்டினாவின் மடல் இளஞ்சிவப்பு. லேட்டரிட்டாவுடையது செங்கல் நிறம். பச்சை இலைகளுக்கு நடுவே அந்த நிறம் தரும் கம்பீரத்தை இளஞ்சிவப்பு தருவதில்லை.

உண்மையான வேறுபாடு மண்ணுக்குள் இருக்கிறது. வெலுட்டினாவின் கன்றுகள் தாய்மரத்தை ஒட்டியே முளைப்பதால் அது அடர்ந்த புதராக நிற்கும். லேட்டரிட்டாவின் கிழங்குத்தண்டு நிலத்தடியில் நீண்டு ஓடி, தாயைவிட்டுத் தள்ளிக் கன்று விடும். விளைவு, நெருக்கமில்லாத ஒரு சிறு வாழைத்தோப்பு. ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே பார்க்க முடிகிறது. காற்றும் வெளிச்சமும் உள்ளே போகின்றன. வடகிழக்கு இந்தியாவிலிருந்து மியான்மர், தாய்லாந்து வரை பருவமழைக் காடுகளில் வளரும் இனம் இது. இத்தகைய காடுகளில், வறண்ட மாதங்களில் மேற்பகுதி காய்ந்தாலும் கிழங்கு உயிர்பிடித்திருந்து மழையில் மீண்டும் தளிர்விடும். ஆகவே இலை கருகியதும் தோண்டி எறிந்துவிட வேண்டாம்.

தொட்டியில் வைக்க நினைப்பவர்களுக்கு லேட்டரிட்டா ஒத்துவராது. ஓட இடமில்லாமல் தொட்டியின் விளிம்பை முட்டி நிற்கும். அவர்கள் வெலுட்டினாவையே எடுக்கலாம். விதையிலிருந்தும் அது எளிதாக வரும்.

மூசா ஆர்னாட்டாவையும் சிலர் கேட்கிறார்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்பு மடல் அழகுதான், ஆனால் அது இவற்றைவிட உயரமாக வளரும். தென்சீனம், வியட்நாம் பகுதிகளின் மூசா காக்சினியா வேறு பிரிவைச் சேர்ந்தது, 20 குரோமோசோம்கள். வெட்டிக் குவளையில் வைக்கப் பூ வேண்டுமென்றால் அதன் விறைத்த செக்கச்சிவந்த மடல்களே முதல் தேர்வு.

கன்று வாங்கும்போது பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாதீர்கள். மண்ணைச் சற்று விலக்கிக் கிழங்கைப் பாருங்கள்: நீண்டு ஓடியிருந்தால் லேட்டரிட்டாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.