கிங்ஸ் கிராஸ் ஹவுஸ்மன்ஸ்: கேட்ட கூட்டங்களும் வாங்காமல் விட்ட புத்தகங்களும்

புது அரசியல் புத்தகங்களை ஆசையாக வாங்கி, நாற்பது பக்கம் படித்து, அலமாரியில் செருகிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், 5, காலிடோனியன் ரோடு என்ற முகவரியில் இருக்கிறது ஹவுஸ்மன்ஸ் என்ற இடதுசாரிப் புத்தகக் கடை. பல வருடங்களாகப் போய்வருகிறேன். முக்கியமாக, எழுதியவர்களே வந்து தங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேச, அங்கே மாலையில் நடக்கும் கூட்டங்களுக்காக. எதை வாங்குவது, எதை விடுவது என்பதில் பத்திரிகை மதிப்புரைகளைவிட இந்தக் கூட்டங்கள்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன.

கடையைப் பற்றி முதலில் கொஞ்சம். போரை எதிர்த்த பீஸ் பிளெட்ஜ் யூனியன்காரர்கள் 1945இல் தொடங்கிய கடை இது. நாடக ஆசிரியர் லாரன்ஸ் ஹவுஸ்மன் பெயரை வைத்தார்கள். கவிஞர் ஏ. இ. ஹவுஸ்மனின் தம்பி அவர். இப்போதைய கட்டடத்துக்கு 1959இல் வந்தார்கள். அமைதி இயக்கத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியார் கொடுத்த பணத்தில் வாங்கிய சொந்தக் கட்டடம். கிங்ஸ் கிராஸ் வாடகை இன்று போகிற போக்கில், சொந்த இடம் இல்லையென்றால் இப்படி ஒரு கடை அங்கே இருக்கவே முடியாது என்பது என் கணிப்பு. 1974இல் லண்டனின் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கான தொலைபேசி உதவி மையம் தொடங்கியது இந்தக் கட்டடத்து மாடியறையில்தான். தன்னைக் குறைசொல்லும் துண்டறிக்கை ஒன்றுக்காக மெக்டொனால்ட்ஸ் கம்பெனி அவதூறு வழக்குப் போட்ட, லண்டன் கிரீன்பீஸ் என்ற சிறு போராட்டக் குழுவுக்கும் இதுதான் முகவரியாக இருந்தது. 1994 முதல் 1997 வரை அந்த வழக்கின் விசாரணை நடந்தது. கம்பெனி அமர்த்திய தனியார் உளவாளிகள் அந்தக் குழுவின் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தது விசாரணையிலேயே தெரியவந்தது. வழக்குக்குக் காரணமான துண்டறிக்கையை எழுதுவதில் கைகொடுத்தவர்களில் ஒருவர் ரகசியப் போலீஸ் என்பது அதற்கும் பிறகு வெளியானது. புதிதாக ஒரு முகம் வந்து உட்கார்ந்தால் பழைய ஆட்கள் ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பது ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

கூட்டம் பெரும்பாலும் வார நாளில், மாலை ஏழு மணிக்கு. நான் போகத் தொடங்கிய காலத்தில் நுழைவு 3 பவுண்டு. புத்தகம் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்வார்கள். பொன்னாடை கிடையாது, வரவேற்புரை கிடையாது, மேடையில் எட்டுப் பேர் கிடையாது. எழுதியவர் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பேசுவார், அப்புறம் கேள்விகள். சென்னையில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போய்ப் பழகிய எனக்கு, புத்தகத்தை யாருமே வாழ்த்தாமல் கூட்டம் முடிந்தது முதலில் என்னவோபோல இருந்தது.

என்னைப் பொறுத்தவரை விஷயம் அந்தக் கேள்வி நேரத்தில்தான் இருக்கிறது. கவுன்சில் வீடுகளை, அதாவது உள்ளாட்சி மன்றங்கள் கட்டி வாடகைக்கு விடும் வீடுகளைப் பற்றி எழுதிய ஒருவர் ஒரு முறை பேசினார். 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, குடியிருப்பவர்களே தள்ளுபடி விலையில் வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று தாட்சர் அரசு கொண்டுவந்த திட்டம்தான் பேச்சின் மையம். வீடுகளை விற்ற கவுன்சில்கள் அந்தப் பணத்தில் புது வீடுகள் கட்டாமல் விட்டுவிட்டன என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் போனார். பின்வரிசையில் இருந்து ஒரு வயதான அம்மா கையைத் தூக்கினார். கவுன்சில் வீட்டுவசதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். "கட்டாமல் விட்டோம் என்று சொல்லாதீர்கள், கட்ட விடவில்லை" என்றார். விற்ற பணத்தை இஷ்டப்படி செலவழிக்க மத்திய அரசு விடவில்லை, 1989 சட்டத்துக்குப் பிறகு வீட்டு விற்பனை வரவில் 75 சதவீதத்தைக் கடனை அடைக்க ஒதுக்க வேண்டியிருந்தது என்று மனப்பாடமாகச் சொன்னார். ஆசிரியர் மழுப்பவில்லை. அந்தச் சட்டம் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று பக்கத்தைத் திறந்து காட்டி, பேச்சில் தான் சுருக்கியது தப்பான அர்த்தம் தருகிறது என்று ஒப்புக்கொண்டார். அந்தப் புத்தகத்தை அன்றே வாங்கினேன். இன்றும் எடுத்துப் புரட்டுகிறேன்.

இதற்கு நேர்மாறான கூட்டங்களும் உண்டு. ஆதாரம் கேட்டால் ஆவேசம் வரும். எண் கேட்டால் கோஷம் வரும். அப்படிப்பட்ட ஆசிரியர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நான் புத்தகத்தைத் தொடுவதில்லை. அவர் கட்சி என் கட்சியாகவே இருந்தாலும் சரி.

அரசியல் புத்தகத்தின் ஆயுள் எவ்வளவு என்பதைக் கற்றுக்கொள்ள இன்னொரு இடம், கடையின் அடித்தளம். நான் அதிகம் போன நாட்களில் அங்கே ஒரு பவுண்டுப் பழைய புத்தகங்கள் கிடக்கும். போன வருடம் மேல்தளத்து முகப்பில் இருந்த புத்தகம், இந்த வருடம் கீழே ஒரு பவுண்டுக்கு வந்திருக்கும். தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள், தேர்தல் கணிப்புகள், 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பு முடிந்த சூட்டோடு எழுதியவை, 2017 தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் எதிர்பாராமல் முன்னேறியதை வைத்து எதிர்காலம் சொன்னவை. 2019 டிசம்பர் தேர்தலில் அவர் கட்சி தோற்றதோடு அந்தக் கடைசி வகைக்கு மவுசு போய்விட்டது. லிஸ் டிரஸ் 2022 செப்டம்பர் 6 அன்று பிரதமரானார். 50 நாள்கூடத் தாங்கவில்லை. அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவர்கள் அச்சுக்குப் போகும் முன் அவசர அவசரமாகத் திருத்த வேண்டியதாயிற்று. பாவம்தான், ஆனால் அந்த வகைப் புத்தகத்துக்கு அது நடக்கக்கூடியதே. மாறாக, 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த தீ விபத்து மாதிரி ஒன்றை விசாரணை ஆவணங்களோடு உட்கார்ந்து எழுதியவை கீழ்த்தளத்தில் என் கண்ணில் அபூர்வமாகவே பட்டன. வாங்கியவர்கள் வைத்துக்கொள்கிறார்கள் போல.

எல்லா ஊர் இடதுசாரிக் கூட்டங்களுக்கும் பொதுவான சில சங்கடங்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து தனிக்கூட்டம் நடத்துபவர் எங்கும் ஒருவராவது இருப்பார். வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒத்த கருத்துள்ளவர்கள், அதனால் எதிர்த்தரப்பின் பலமான வாதம் என்ன என்பது அங்கே கிடைக்காது. அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும். 2020இல் கூட்டங்கள் எல்லாம் ஜூமுக்குப் போனபோது பேச்சு நன்றாகவே கேட்டது. ஆனால் பின்வரிசை அம்மாக்கள் திரைக்குள் காணாமல் போனார்கள்.

விலை? புது பேப்பர்பேக் ஒன்று 12 முதல் 20 பவுண்டு வரை. ஆன்லைனில் குறைவாகக் கிடைக்கும்தான். பிரிட்டனில் எல்லாக் கடையிலும் ஒரே விலை என்ற பதிப்பாளர் ஒப்பந்தம் 1990களில் உடைந்த பிறகு, சூப்பர்மார்க்கெட் வரை தள்ளுபடியில் இறங்கிவிட்டன. நான் கூட்டத்தில் முடிவு செய்ததைக் கடையிலேயே வாங்குகிறேன். ஒரு மாலை முழுக்கப் புத்தகத்தைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தவர்களுக்கு அந்த இரண்டு மூன்று பவுண்டு போனால் எனக்கு வருத்தமில்லை.

இங்கே தமிழ் வாசகர்கள் தேட வேண்டிய பெயர், இலங்கைத் தமிழ் எழுத்தாளர் அ. சிவானந்தன். 1958 கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டன் வந்து, 1964இல் இன உறவுகளை ஆராயும் இன்ஸ்டிடியூட் ஆஃப் ரேஸ் ரிலேஷன்ஸ் அமைப்பின் நூலகராகச் சேர்ந்தார். 1972இல் ஊழியர்கள் கிளர்ந்து அந்த அமைப்பின் போக்கையே மாற்றியபோது முன்னால் நின்றவர். 1974இலிருந்து ரேஸ் அண்ட் கிளாஸ் இதழை நடத்தினார். 2018 ஜனவரியில் காலமானார். அந்த அமைப்பு இயங்கிய லீக் தெருவும் இதே கிங்ஸ் கிராஸ் பக்கம்தான். புலம்பெயர்ந்தோர் பற்றிப் புதுப் புத்தகம் எது வந்தாலும், அவர் கட்டுரைகளில் ஒன்றைப் படித்துவிட்டு அதைத் திறக்கிறேன். பல புதியவை அப்போதே மெலிந்து தெரியும்.

ஊரிலிருந்து பழைய தமிழ் அச்சு நூல்களைப் பார்க்க பிரிட்டிஷ் நூலகத்துக்கு வருகிறவர்கள் யூஸ்டன் ரோட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அன்று கூட்டம் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்து இடம் பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, பத்திரிகைகளும் துண்டறிக்கைகளும் இருக்கும் பகுதிக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.