ஆறு ஆண்டுகளாகக் கடலில் ஜீ.பீ.எஸ்.: கருவியா, கைத்தொலைபேசியா?

பருத்தித்துறையில் புதிதாக வள்ளம் விடத் தொடங்கியிருக்கும் என் மருமகன், "போனிலேயே ஜீ.பீ.எஸ். இருக்கே மாமா, தனிக்கருவி எதற்கு?" என்று போன கிழமை கேட்டான். பழுதுபார்க்கக் கொடுத்த என் கருவி மூன்று கிழமைக்குப் பின் அன்றுதான் கைக்கு வந்திருந்தது.

கருவிக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளில் அது கடலில் ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. உச்சி வெயிலில் சூடேறிய தொலைபேசியின் திரை மங்கிப்போகும்போதும் இதன் கறுப்பு வெள்ளைத் திரை தெளிவாகத் தெரியும். செதிலும் உப்புநீரும் படிந்த விரலுக்குத் தொடுதிரை பணியாவிட்டாலும் இதன் பொத்தான் பணியும். என் தகப்பனார் வல்லிபுரக் கோயில் கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் கண்ணால் ஒப்பிட்டு, கரை தெரியும் தூரத்துக்குள் இருந்த பார்களை (கடலடிப் பாறைத் திட்டுகளை) மட்டுமே குறித்து வைத்திருந்தார். நானோ கரை மறைந்த பின்னும், விடியுமுன் இருளில், கணவாய்க் கூடு இறக்கிய இடத்துக்குச் சில மீற்றர் வித்தியாசத்தில் போய் நின்றிருக்கிறேன்.

தொலைபேசிக்கும் கடலில் சிக்னல் தேவையில்லை. நான்கு செய்மதிகள் கிடைத்தால் இடத்தைக் காட்டும், வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசிச் செயலியில் என்னை அலைக்கழித்தது ஆள்கூறு, அதாவது இடத்தைக் குறிக்கும் எண், காட்டும் முறை. நாங்கள் பாகையும் கலையுமாக (ஒரு பாகைக்கு 60 கலை) எழுதுகிறோம், அது பாகையைத் தசமத்தில் கேட்கிறது. கொப்பியில் வடக்கு 9 பாகை 52.4 கலை என்று இருப்பதை 9.524 என்று தட்டினால், பருத்தித்துறைக்கு வடக்கே கடலில் இருக்கவேண்டிய புள்ளி ஏறக்குறைய 21 கடல் மைல் தெற்கே விலகி, பூநகரிப் பக்கம் போய்விடும். கலையை 60 ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் வரும் 9.873 என்பதே சரி. காட்டும் முறையை அமைப்பில் மாற்றி வைத்தேன். செயலி புதுப்பிக்கப்பட்டபோது அது பழையபடி ஆகிவிட்டது.

இவ்வளவும் கருவியின் பக்கமே சாய்கிறது. ஆனால் அதன் கம்பி செருகும் துளையை மூடும் இறப்பர் இரண்டாம் ஆண்டிலேயே சுருங்கி, உப்பு இறங்கி, ஊசிகள் துருப்பிடித்துவிட்டதால், அதன் பின் குறித்த எந்தப் புள்ளியையும் என்னால் வெளியே எடுக்க முடியவில்லை. கிழிந்த பொத்தானை மாற்றக் கொடுத்தேன். புதிய பொத்தானோடும் வெறும் நினைவகத்தோடும் திருப்பித் தந்தார்கள். அழிக்குமுன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள்: மீன் கூடும் பார்கள், வலை சிக்கிக் கிழிந்த கற்கள், அவற்றைக் கண்டுபிடிக்க எரித்த எண்ணெய், எல்லாம் போயின. கொப்பியில் இருந்தவை அறுபது மட்டுமே.

ஆகவே மருமகனிடம், கருவி வாங்க வேண்டாம், தொலைபேசிக்கு நல்ல நீர்புகா உறை வாங்கு, குறித்த புள்ளிகளைக் கரையேறியவுடன் வீட்டுக்கு அனுப்பிவிடு என்றேன். மிஞ்சிய அறுபதையும் நானே கலை கணக்கிட்டு அவனுடைய செயலியில் ஏற்றிக் கொடுத்தேன்.

இன்று விடியற்காலை கருவியைத்தான் கழுத்தில் கட்டிக்கொண்டு போனேன். தகப்பனார் காட்டிய முதற் பாருக்கு மேல் நிறுத்தி, 'ஒன்று' என்று சேமித்து, நங்கூரம் எடுக்குமுன் கொப்பியிலும் எழுதினேன்.